ஒரே செடியில் இரண்டு பட்டாம்பூச்சிகள்

பயிரில் பூச்சி விழுந்ததாக விவசாயி மனு கொடுத்தால், மாதிரியை நிபுணருக்கு அனுப்பிப் பதினைந்து நாட்களுக்குள் அதன் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பூச்சிக்கு ஒரு படிவம் என்பது அதே பக்கத்தில் இருந்த இன்னொரு விதி. ஏற்காட்டு வேளாண்மை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த நான் இந்த இரண்டாவதை ஒருநாளும் மீறியதில்லை.

எண்பத்து நான்கு ஆடியில், மாரமங்கலத்திலிருந்து ஒரு பெண்மணி ஊறுகாய் பாட்டிலோடு பஸ் ஏறி வந்தார். உள்ளே செத்த பட்டாம்பூச்சிகள் இரண்டு. ஒன்று கறுப்பில் வெள்ளைப் பட்டை. மற்றது கறுப்பில் சிவப்புப் புள்ளிகள். காட்டோரம் எங்கும் பறப்பவைதான். யாரும் பெயர் கேட்டதில்லை. அவருடைய கமலா ஆரஞ்சு நாற்றுகளைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. சில புழுக்களை இலையோடு பாட்டிலில் போட்டு வளர்த்துப் பார்த்திருக்கிறார், வெளிவந்தவை இவை. நாற்றைக் காப்பாற்ற மருந்து வேண்டும் என்றார். பூச்சியின் பெயர் எழுதாமல் கிடங்கில் மருந்து தரமாட்டார்கள்.

இரண்டு படிவங்களை எடுத்தேன்.

"ஏனுங்க சார், ரெண்டும் ஒண்ணுதானுங்க. ஆணும் பொண்ணும்."

ஜாதகம் பார்த்தீர்களா அம்மிணி என்றார் பக்கத்து மேசை எழுத்தர்.

"தோட்டத்துல இதே மாதிரி ரெண்டு ஒட்டிக்கிட்டுப் பறந்ததெப் பாத்தேனுங்க. அதுக்குமேல என்னங்க ஜாதகம்?"

அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. எனக்குப் படுவதை எழுதப் படிவத்தில் இடமில்லை. இரண்டு கோப்புகளைத் தொடங்கினேன். அவை மலையிறங்கி இரண்டு பிரிவுகளுக்குப் போயின. ஒரு மனுவில் இரண்டு பூச்சி எப்படி என்று கேட்டு ஒன்று திரும்பி வந்தது. விளக்கம் எழுதினேன். பிறகு நினைவூட்டு. பிறகு நினைவூட்டுக்கு நினைவூட்டு.

அந்த அம்மா மாதம் ஒருமுறை வந்து பெயர் வந்ததா என்று கேட்பார். விடிந்ததும் கையால் புழு பொறுக்குவதாகவும், எஸ்டேட் வேலை முடிந்து திரும்புவதற்குள் மிச்சப் புழுக்கள் தின்றுவிடுவதாகவும் ஒருமுறை சொன்னார். ஐப்பசியில் வந்தபோது கேட்கவில்லை. நாற்றெல்லாம் குச்சியாகிவிட்டது, பிடுங்கிவிட்டு பீன்ஸ் போட்டாயிற்று, மனுவைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். நிலுவையில் உள்ள மனுவைத் திருப்பித் தர வழியில்லை என்று விளக்கினேன்.

"அப்ப நீங்களே வெச்சுக்கங்க சார். நொம்பப் பத்தரமா வெச்சிருக்கீங்க."

பதில் ஒருவழியாக வந்தது. இரண்டும் காமன் மார்மன் என்ற ஒரே இனம், வெள்ளைப் பட்டை ஆண், சிவப்புப் புள்ளி பெண், ஆரஞ்சு நாற்றைத் தின்னும், மருந்து வழங்கலாம், கூடுதல் கோப்பை மூடவும். உறையின் மேல் முத்திரை குத்தித் தேதி போட்டேன்: நவம்பர் பன்னிரண்டு, திங்கட்கிழமை.