அறுபது சதம் அழிந்த தாய்மாமன்

“என்ன கண்ணு, இவன் இன்னும் இங்கயேதான் இருக்கறான்?”

கொல்லிமலையில் குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்திருந்த வெள்ளையம்மா, நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்த படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். வாங்கிப் பார்த்தேன். நான் சுத்தமாக அழித்துவிட்டதாக நினைத்திருந்த அவருடைய தம்பி சடையன், அடுப்புப் புகை மாதிரி மங்கலாக உட்கார்ந்திருந்தார். மீசைகூடத் தெரிந்தது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. நாமக்கல்லில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, சேந்தமங்கலத்தில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தேன். முதலாளி இப்ராகிம் பாய். நெகட்டிவில் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை மறைப்பதில் மகா கெட்டிக்காரர். கம்ப்யூட்டரை வாங்கியது அவர். அதை நம்பவேண்டிய பொறுப்பை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்.

வந்த வேலை

வெள்ளையம்மா கொண்டுவந்தது அவர் மகளின் காதுகுத்துப் படம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள் இல்லையா, அப்படி சடையன் மடியில் மொட்டைத் தலையோடு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாணம். படத்தைப் பெரிதாக்கிக் கல்யாண வீட்டில் மாட்ட வேண்டும். ஆனால் அதில் மாமன் இருக்கக் கூடாது.

சண்டை இதுதான். வரப்பில் நிற்கும் பலாமரம் தம்பியுடையது. அதில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி அக்காவுடையது. தம்பி கிளை கழிக்கிறேன் என்று காய்ப்பில் இருந்த கொடியையும் சேர்த்துக் கழித்துவிட்டார்.

“கல்யாணத்துக்கே அவனக் கூப்புடப் போறதில்லீங்க பாய். படத்துல மட்டும் எதுக்கு?” என்றார் வெள்ளையம்மா.

“தாய்மாமன் இல்லாம என்னம்மா கல்யாணம்? சீரு யாரு கொண்டாருவா?”

“அதெல்லாம் பாத்துக்கலாமுங்க.” வீறாப்பாகத்தான் சொன்னார். ஆனால் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மலையில் தாய்மாமன் வராத கல்யாணத்தை ஊர் எப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, மாமன எடுத்துட்டா புள்ள எதுல உக்காரும்? அந்தரத்துலயா?”

“ஒரு நாக்காலி போட்டுருங்க.”

போகாத மாமன்

படத்தை ஸ்கேன் செய்து, ஒரிஜினல் லேயரை அடியில் வைத்து அதன் கண்ணை மூடிவிட்டேன். லேயர் என்றால் கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது போல. கண் அடையாளத்தை அணைத்தால் அந்தத் தாள் மறைந்துவிடும். அதற்கு மேலே எங்கள் ஸ்டுடியோவின் சிவப்பு வெல்வெட் நாற்காலி. அதற்கும் மேலே காதுகுத்துப் படத்தின் காப்பி. காப்பியில் மாமனை எரேசர் பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே இருக்கும் நாற்காலி தெரியும், பிள்ளை ஜம்மென்று அதில் உட்கார்ந்துவிடும். கோர்ஸில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வெளிச்சம் மங்கிய எங்கள் பழைய மானிட்டரில் மாமன் போய்விட்ட மாதிரிதான் தெரிந்தது. பிரிண்டில் வந்துவிட்டார். அதைத்தான் வெள்ளையம்மா வாசலில் பிடித்துக்கொண்டு கேட்டது. அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினேன். மறுபடியும் தேய்த்துப் போட்ட பிரிண்டிலும் மாமன் அதே இடத்தில், கொஞ்சம் இளைத்து.

பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “ஏம்மா சுமதி, ரப்பர் தேஞ்சு போச்சோ என்னமோ? நாமக்கல் போறப்ப புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?”

“அது தேயற ரப்பர் இல்லீங்க பாய்.”

“உலகத்துல தேயாத ரப்பர் உண்டாம்மா?”

மறுபடி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். வேறு லேயரில் நின்றுகொண்டு தேய்க்கிறேனா? இல்லை. கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா? விழுந்தால் பிரஷ் வட்டம் மறைந்து வெறும் கூட்டல் குறிதான் தெரியும், அதுவும் இல்லை. மவுஸின் அடியைத் திறந்து உருண்டையைத் துடைத்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் சாப்ட்வேரையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒரு பழைய படத்தில் தேய்த்துப் பார்த்தால் அத்தனை சுத்தம். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து மாமனைத் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தால், போக மாட்டேன் என்கிறார். கல்யாணமோ நெருங்கிவிட்டது. இப்படியே கொடுத்தால், கல்யாண வீட்டில் ஆவி படம் மாட்டிய ஸ்டுடியோ என்று மலை முழுக்கப் பேர் வாங்கிவிடுவோம்.

அந்தச் சமயத்தில் பாய் போட்டோ பேப்பர் வாங்க சேலம் போனார். அன்றைக்குக் கடையைத் திறந்தது நான். எரேசரைப் பழைய நிலைக்கு ரீசெட் செய்துவிட்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்க வந்த மற்ற படங்களில் ரப்பர் தங்கமாக வேலை செய்தது, மாமனைத் தொடத்தான் நேரமில்லை. மறுநாள் பாய் வந்தார், புகையும் வந்தது. முதலாளிக்கும் பேய்க்கும் சம்பந்தம் இருப்பதை ஒரு வேலைக்காரி எப்படி வாய்விட்டுச் சொல்வது?

அடுத்த நாள் அவருக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். பாய் கம்ப்யூட்டரைப் போட்டார். சாப்ட்வேரில் அன்றைய முதல் படத்தைத் திறந்தார். பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு ஒற்றை விரலால், ஆற அமர, 7, 8, 6 என்று தட்டினார். பில் புத்தகத்தின் தலையில் 786 எழுதாமல் பேனாவைத் தொடாதவர், கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிடுவாரா?

அந்த சாப்ட்வேரில் பிரஷ் கையில் இருக்கும்போது எண்ணைத் தட்டினால் அதன் ஒபாசிட்டி, அதாவது அழுத்தம், மாறிவிடும். கடைசியாகத் தட்டிய 6, எரேசரை அறுபது சதத்தில் நிறுத்திவிட்டது. ஒரு தேய்ப்புக்கு அறுபது சதம் மாமன்தான் போவார். அந்த எண்ணைக் காட்டும் பெட்டியை, சின்ன மானிட்டரில் இடத்தை அடைக்கிறது என்று நானே மூடி வைத்திருந்தேன்.

பயந்து பயந்துதான் சொன்னேன். பாய் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ மட்டும் என்னவாம்? தெனமும் வந்ததும் ஒரு எழுத்தத் தட்டிட்டுத்தானே உக்காருற?”

தட்டுவேன். எங்கள் தமிழ் எழுத்துருவில் ‘உ’ இருப்பது ஆங்கில C விசையில். பிள்ளையார் சுழி போடாமல் எனக்கு வேலை ஓடாது. சாப்ட்வேருக்கு அந்த விசை, படத்தை வெட்டும் கருவி. தினமும் காலையில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, இது எப்படி வந்தது என்று திட்டிக்கொண்டே ரப்பருக்கு மாறிக்கொண்டிருந்தவள் நான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கே மானிட்டரின் நெற்றியில் ஒரு காகிதத்தை ஒட்டினோம். ஒரு பக்கம் 786, ஒரு பக்கம் உ. கீபோர்டில் யாரும் எதையும் தட்டுவதில்லை என்று ஒப்பந்தம்.

நாற்காலி

மாமன் முழுதாக அழிந்தார். வெல்வெட் நாற்காலியில் குழந்தை ராணி மாதிரி அழுதுகொண்டிருந்தது. என் வேலையில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

வெள்ளையம்மா வந்தார். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“தெளிவா இருக்குதுங்களா?” என்றேன்.

“அன்னைக்கு எம்புள்ள கதறுன கதறல்ல அவன் மடியிலயே ஒண்ணுக்குப் போயிட்டா, கண்ணு. புது வேட்டி. எந்திரிச்சுப் போடான்னா போவல. புள்ள பயந்துக்குமுன்னு அந்த ஈரத்தோடயே கடைசி வரைக்கும் உக்காந்திருந்தான்.” நாற்காலியை விரலால் தொட்டார். “இது உக்காருமா?”

பாய் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“அந்தப் பொகப் படத்தையே குடுத்துரு. அது போதும்.”

பெரிதாக்கி, பிரேம் போட்டு, புகையோடு வாங்கிப் போனார். எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது. அத்தனை பாடுபட்டு ரப்பரைச் சரிசெய்தவளுக்கு இதுதானா மரியாதை?

கல்யாணம் முடிந்து அதே பிரேமைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். துண்டை அவிழ்ப்பதற்கு முன்பே மீசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“ஏனுங்க அம்மிணி, இது நீங்க செஞ்ச வேலைங்களா? இந்தப் படத்த மாட்டிட்டு அக்கா நேரா எங்கூட்டுக்கு வந்து வெத்தலபாக்கு வெச்சுட்டுப் போச்சு. நானும் சீரெல்லாம் கொண்டுக்கிட்டுப் போனேன். போனா, வந்தவனெல்லாம் செவுத்தப் பாக்கறான், என்னையப் பாக்கறான். உசுரோட பந்தி பரிமாறிட்டு இருக்கறேன், செவுத்துல ஆவியா உக்காந்திருக்கறேன்!”

பாய் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

“அக்காதான் குடுத்து வுட்டுச்சுங்க. தெளிவாக்கிக் குடுப்பீங்களாமா.”

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் சொல்வது இதுதான். ரப்பர் மக்கர் செய்தால் முதலில் ஒபாசிட்டியைப் பாருங்கள், பிறகு லேயரைப் பாருங்கள். எது எப்படியானாலும் ஒரிஜினலில் மட்டும் ரப்பரை வைக்காதீர்கள். யாரை எப்போது திருப்பிக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பைலைத் திறந்தேன். மேல் லேயர்களை அணைத்து, அடியில் இருந்த ஒரிஜினலின் கண்ணைத் திறந்தேன். சடையன் முழுசாக வந்து உட்கார்ந்தார். மீசை, புது வேட்டி, மடியில் பிள்ளை, தொடையில் கையகல ஈரம்.

அவர் மானிட்டருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அந்த ஈரத்த மட்டும் அழிச்சுருங்க அம்மிணி.”

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“அது இருக்கட்டுங்க. அத நெனச்சுத்தான் உங்கக்கா உங்களக் கூப்புட்டாங்க.”