மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு பவர் ஷிஃப்டும்

டிராக்டர் கடைக்கு வருகிறவர்கள் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத கியர்பெட்டியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு பொருளை விளக்கிச் சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும். நீங்கள் மிக்ஸி விற்கலாம், இன்சூரன்ஸ் பேசலாம். பாதி வாக்கியத்தில் எதிரே இருப்பவரின் கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு: கூச்சம். நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். வகுப்பில் ஒரு முறைகூடக் கையைத் தூக்கியதில்லை. கோலார் தங்கவயல் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், என் வயதுக்காரர்கள் எல்லோரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தால் போதும் என்று நான் மட்டும் ராபர்ட்சன்பேட்டை டிராக்டர் கடைக்குப் பஸ் ஏறினேன்.

கடை முதலாளி கோபால் சார் நல்லவர், ஆனால் அவசரக்காரர். பவர் ஷிஃப்ட் வைத்த பெரிய டிராக்டர் ஒன்று டெமோவுக்காக வந்து இறங்கிய அன்று என்னைக் கூப்பிட்டார். மழை பிடிப்பதற்குள் ஒருத்தருக்காவது அதை விளங்க வைத்து விற்க வேண்டும் என்றார். அப்படி நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "வண்டி கம்பெனிக்கு, நீ ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்கு."

புது ஷிஃப்ட்

வாசலில் பெரிய பேனர் கட்டினோம். 'பவர் ஷிஃப்ட் வந்துவிட்டது' என்று கன்னடத்திலும் தமிழிலும். முதல் நாளே காக்கி பேன்ட் போட்ட பெரியவர் ஒருவர் உள்ளே வந்து, மரியாதையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "டே ஷிஃப்ட் தெரியும், நைட் ஷிஃப்ட் தெரியும். பவர் ஷிஃப்ட் இன்னாம்மா, கரண்ட் கீற நேரமா?" என்று கேட்டார்.

முதல் ஆள், அதுவும் பொறுமையாகக் கேட்கிற ஆள். விடுவேனா? மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். சாதாரண வண்டியில் கியர் மாற்ற வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். மிதித்த நொடியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். பவர் ஷிஃப்டில் லீவரில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், இழுவை நிற்காமலேயே கியர் மாறும் என்றேன். அவர் கடைசி வரை தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "எல்லாம் சரிம்மா, எம் மருமகன் பெங்களூருக்கு ரயில்ல போயி வந்து எளைச்சுப் போய்ட்டான், இந்த ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கறீங்களா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல."

சனி எங்கே?

அடுத்து வந்தவர்தான் வெங்கடப்பா. பேத்தமங்கலம் பக்கத்து விவசாயி. தக்காளி, கேழ்வரகு, சரிவில் ஒரு மாந்தோப்பு. பல வருடங்களாக டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் வாங்கினால் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நாலு பேர் யோசிப்பார்கள் என்று கோபால் சார் காதில் சொல்லிவிட்டுப் போனார். கேட்டதும் கியர்பெட்டிப் படத்தை எடுத்து மேஜையில் விரித்தேன்.

இந்தக் கியர்பெட்டிக்குள் இருப்பது கிரகப் பல்சக்கரங்கள். நடுவில் ஒரு பல்சக்கரம், அது சூரியன். அதைச் சுற்றி மூன்று சின்னச் சக்கரங்கள், அவை கிரகங்கள். எல்லாவற்றையும் வெளியே அணைத்துக்கொண்டு உட்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். படத்தைக் காட்டி இதைச் சொன்னேன். வெங்கடப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு கிரகம்தான் இருக்கு. மிச்சம் எல்லாம் எங்கம்மா?"

படம் உதவாது என்று தெரிந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தேன். புது வண்டி வெளியே போகும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்க எங்கள் கடையில் எலுமிச்சம்பழத்துக்குக் குறைவே இருக்காது. ஒரே அளவாக மூன்றைப் பொறுக்கினேன். பூஜைத் தாம்பாளத்தின் நடுவே ஒரு டம்ளரை வைத்து, டம்ளருக்கும் தாம்பாள விளிம்புக்கும் இடையில் பழங்களை நெருக்கி வைத்தேன். "தாம்பாளத்தைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரைத் திருகினேன். பழங்கள் தாமும் உருண்டு, டம்ளரையும் மெதுவாகச் சுற்றி வந்தன. "டம்ளர் வேகமா சுத்துது, பழம் மெதுவா வருது பாருங்க. அந்த மெதுவான சுத்துதான் சக்கரத்துக்குப் போகும். வேகம் குறைஞ்சா இழுக்கிற பலம் கூடும்." பிறகு தாம்பாளத்தை விடச் சொல்லி, பழங்களை மூன்று விரலால் அழுத்திப் பிடித்து டம்ளரைத் திருகினேன், தாம்பாளம் எதிர்ப்பக்கம் சுழன்றது. அது ரிவர்ஸ். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் மொத்தமும் ஒன்றாகச் சுற்றும். அது நேர் வேகம். பல்சக்கரங்கள் இடம் மாறுவதே இல்லை. எதைப் பிடிக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் கியர் இருக்கிறது.

"வண்டிக்குள்ள யார் கை விட்டுப் பிடிக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. எண்ணெயில் ஊறிய கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஆயில் அழுத்தம் வந்தால் அவை இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றேன். அவரே டம்ளரை நாலைந்து முறை திருகிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அவர் எழுந்து போகும்போது கோபால் சாரிடம் சொன்னதுதான் இது: "சனி இல்லாத வண்டின்னா நல்ல வண்டிதான் சார், ஆனா நம்ம நெலத்துல ஓட்டிப் பாத்துட்டுதான் நம்புவேன்."

சத்தம் வரலியே

எங்கள் ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக் கௌதமன் அண்ணன், தங்கவயலிலேயே ஸ்கெலட்டன் பகுதிக்காரர். கியர் விழுவதைக் காதால் கேட்டே பழகியவர். டெமோ வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, பட்டன் வேலை செய்யவில்லை என்று இறங்கிவிட்டார். மாறியது அண்ணே என்றேன். மாறவில்லை என்றார். மறுபடி ஏறச் சொல்லி, வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கச் சொன்னேன். பட்டனை அழுத்தினார், முள் இறங்கியது. மறுபடி அழுத்தினார், ஏறியது. அவர் முகத்தில் நம்பிக்கை மட்டும் வரவில்லை.

"டொக்குனு ஒரு சத்தம் வர வேணாமா? சத்தமே இல்லாம வேலை நடந்தா எவன் நம்புவான்?" என்றார். சத்தம் போடாமலும் வேலை செய்யலாம் அண்ணே என்று முணுமுணுத்தேன். அதுவே அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னா?" என்று கையைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தார். திரும்பவும் அதே குரலில்தான் என்னால் சொல்ல முடிந்தது. என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்: "உங்க ரெண்டு பேரையும் ஒரே ஃபேக்டரிலதான் செஞ்சிருப்பாங்க போல."

மாப்பிள்ளை எழுந்திருக்க மாட்டார்

டெமோவுக்கு இரண்டு நாள் முன்பே வண்டியை வெங்கடப்பாவின் நிலத்துக்கு அனுப்பியிருந்தோம். டெமோ நாள் காலை கோபால் சாரும் நானும் ஜீப்பில் போய் இறங்கினால், வரப்போரத்தில் ஒரு கூட்டம் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ ஹெட்லைட்டை அணைக்காமல் விட்டதில் பேட்டரி இறங்கியிருந்தது. டிராக்டர் என்றால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இங்கே எல்லோருக்கும் கைவந்த கலை. கௌதமன் அண்ணன் மேலே உட்கார்ந்து, "தள்ளுங்கப்பா, இன்னும் கொஞ்சம்!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று தூரத்திலிருந்தே கத்தியிருக்கலாம். எனக்குக் கத்த வராது. வரப்பில் தடுக்கித் தடுக்கி ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வயலின் மறுகோடிக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும். பம்ப் ஓடினால்தான் அழுத்தம் வரும். அழுத்தம் வந்தால்தான் தட்டுகள் பிடிக்கும். தட்டுகள் பிடித்தால்தான் சக்கரத்தின் சுழற்சி இன்ஜினுக்குப் போகும். அதனால் இந்த வண்டியைப் பெங்களூர் வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஜீப்பைப் பக்கத்தில் கொண்டுவந்து பேட்டரிக்குப் பேட்டரி ஒயர் மாட்டியதும் ஒரே உறுமலில் கிளம்பியது. தள்ளியவர்களில் ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சோறு போட்டாத்தான் எழுந்திருப்பேன், எழுந்திருச்சாத்தான் வேலைக்குப் போவேன்னு சொல்ற மாப்ளை மாதிரிக் கீது இது."

சங்கு ஊதாதீங்க

இந்தச் சிரிப்போடுதான் டெமோ ஆரம்பித்தது. வெங்கடப்பா தேர்ந்தெடுத்த இடம் மாந்தோப்புக்கு மேலே இருந்த சரிவு. சிவப்பு மண், பாதிக்கு மேல் கெட்டித் தரை. பின்னால் பெரிய கலப்பை. கெட்டித் தரை வந்ததும் இன்ஜின் முனகும். அந்த இடத்தில் பட்டனை அழுத்தினால் வண்டி நிற்காமல் கீழ் கியருக்கு மாறி ஏற வேண்டும். மானம் அந்த ஓரிடத்தில்தான் இருந்தது. வானமும் கருத்துக்கொண்டு வந்தது. வண்டி கம்பெனிக்கா, நான் கவுண்டருக்கா என்பது அந்தச் சரிவில் முடிவாகிவிடும்.

வெங்கடப்பாவே ஓட்ட, வண்டி ஏறியது. முனகியது. நின்றது. கலப்பை மண்ணைக் கவ்விக்கொண்டிருக்க, வண்டி ஒரு குலுக்கலோடு அப்படியே நின்றுவிட்டது. வெங்கடப்பா மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. மூன்றாவது முறை டயர் அதே இடத்தில் சுற்றிப் பள்ளம் பறித்தது. "நம்ம பழைய வண்டி இதைவிட மேல்" என்றார் ஒருவர். கோபால் சார் என்னைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தார். கௌதமன் அண்ணன் ஆயிலை சந்தேகப்பட்டார்.

நான் வண்டியைப் பார்க்கவில்லை, வெங்கடப்பாவின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச வராதவர்களுக்குப் பார்க்கத்தான் நிறைய நேரம் கிடைக்கும். அவர் கட்டைவிரல் பட்டனை அழுத்துகிறது, சரி. அதே நொடியில் இடது கால் தானாகவே போய்க் கிளட்ச்சை மிதிக்கிறது. இத்தனை வருடப் பழக்கம்; மிதிப்பது அவருக்கே தெரியவில்லை. அவர் காலால் துண்டித்த இழுவைக்குக் கியர்பெட்டி என்ன செய்யும்?

இன்ஜின் சத்தத்தில் முணுமுணுப்பது எதற்கும் ஆகாது. சரிவில் ஏறிப் போய், அவர் பார்க்கும்படி பக்கத்தில் தள்ளி நின்று, என்னிடம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாத ஒரு குரலில் கத்தினேன்: "காலை எடுங்கண்ணா!"

தோப்பில் கிளிகள் எழுந்து பறந்தன. வெங்கடப்பா திகைத்து இன்ஜினை அணைத்தார். இனிமேல் நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று தெரியும், அதனால் நிறுத்தவில்லை. "அண்ணா, உள்ள ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்க இருக்காங்க. புது ஷிஃப்ட் ஆள் வந்து மெஷினைப் பிடிச்சப்புறம்தான் பழைய ஷிஃப்ட் ஆள் கையை விடுவான். ஒரு தட்டு இறுகிக்கிட்டே வரும், இன்னொரு தட்டு விட்டுக்கிட்டே போகும். மெஷின் நிக்கவே நிக்காது. நடுவுல நீங்க கிளட்ச்சை மிதிச்சா, சங்கு ஊதி ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வீட்டுக்கு அனுப்பிடறீங்க. அப்புறம் யார் வண்டியை இழுக்கிறது? கிளம்பறப்போ மட்டும் கிளட்ச். அப்புறம் கால் சும்மா இருக்கட்டும்!"

கௌதமன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். கோலார் தங்கவயலில், சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிய ஊதுகிற சங்கு என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு வரப்பு முழுக்கப் பரவியது. வெங்கடப்பாவும் சிரித்தார், கலப்பையைத் தூக்கி வண்டியைக் கீழே கொண்டுபோனார், செருப்பைக் கழற்றி வீசினார், மறுபடி ஏறினார். கெட்டித் தரை வந்தது. இன்ஜின் முனகியது. கட்டைவிரல் அசைந்தது, கால் அசையவில்லை. முனகல் மாறி வண்டி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டது போல இருந்தது, அவ்வளவுதான். கலப்பை மண்ணைப் புரட்டிக்கொண்டே மேட்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, வரப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "சார், சங்கு ஊதலே, வேலை முடிஞ்சுது, வண்டி எனக்கு!"

நாலு சக்கரம், ஏழு பழம்

வண்டியை எடுத்துப் போக வெங்கடப்பா குடும்பத்தோடு வந்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தார்கள். கோபால் சார் என்னைத் தாண்டிப் போகும்போது, "கவுண்டருக்கு வேற ஆள் பாக்கணும்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். வண்டியைப் பார்க்க வெங்கடப்பாவின் ஊரிலிருந்து இன்னும் இரண்டு விவசாயிகள் வந்திருந்தார்கள். வாசல் பேனரைச் சந்தேகமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடப்பா சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது காலைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துக்கொண்டார். கூடையில் மூன்று பழங்கள் மிச்சம் இருந்தன. கௌதமன் அண்ணன் அவற்றையும் சக்கரத்தடியில் வைக்கப் போனபோது அவர் மேலிருந்து தடுத்தார்: "அந்த மூணையும் நசுக்காதீங்க, அந்தப் பொண்ணு கையில குடுங்க, இவங்க ரெண்டு பேருக்கும் சூரியனைக் காட்டணுமில்ல!"

ஆக, கூச்சத்திலிருந்து பேச்சுக்குக் கியர் மாறுவதொன்றும் பெரிய விஷயமில்லை. மாறுகிற நேரம் பார்த்து யாரும் கிளட்ச்சை மிதிக்காமல் இருந்தால் போதும்.