நான்கு மொழி தெரிந்த தூதரக அதிகாரி

சங்கமித்ரா அக்காவை நான் முதன்முதலில் சந்தித்தது கோலார் தங்கவயலின் ஊரிகத்தில், அவர்களுடைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன என் அண்ணனிடமிருந்து இரண்டு மாதமாகப் போன் இல்லை. அங்கே இந்தியத் தூதரகத்தில் இருப்பவர் லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பூதிகோட்டையிலிருந்து போனேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். மனுவை நானே ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். எனக்கு முன்னால் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

"எம்பசி வேலைன்னா இன்னாவோன்னு நெனச்சேன். ரேசன் கடை மேரி கீது," என்றார் அவர் அம்மா பழனியம்மா.

"நீ சும்மா இரும்மா," என்று என் மனுவைப் படித்தார் அக்கா. "நல்லா எழுதிகீறீங்க தம்பி. அண்ணன் வேலை செய்ற கம்பெனி பேரு மட்டும் காணோம்."

அண்ணனை ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் அவர் லீவில் வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன்.

அக்காவின் அப்பா மாரிமுத்து தங்கச் சுரங்கம் மூடும்வரை ஷிப்டுக்குப் போனவர். அக்கா சட்டம் படித்து, கோலார் கோர்ட்டில் இரண்டு வருடம் வாதாடி, பிறகு வெளியுறவுப் பணிக்குத் தேர்வானார். நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் எழுதும் பிரிவில் உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் சேரும்போது கொடுத்த படிவத்தில், தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நான்கையும் எழுதிவிட்டார். தங்கவயலில் அது ஒரு விஷயமே இல்லை. காய்கறி விற்பவரும் பேசுவார். டெல்லியில் அது விஷயமாகிவிட்டது. வளைகுடா நாடு ஒன்றின் தூதரகத்தில், தொழிலாளர் பிரிவில் போட்டார்கள். ஜெயில், ஆஸ்பத்திரி, பிணவறை. அடுத்த நாட்டிலும் அதேதான்.

"சட்டம் படிச்சவங்க நெறைய பேர் கீறாங்களாம். தெலுங்குல அழுறவன்கிட்ட பேச நான் ஒருத்திதானாம்," என்றார்.

ஒப்பந்த வேலை வேண்டுமென்று மூன்றாவது முறை கேட்டபோது இடம் கிடைத்தது. தொழிலாளர் ஒப்பந்தம் பேசப் போகும் குழுவில் அவர் பெயரும் இருந்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கையில் தொழிலாளர் பஸ் ஒன்று கவிழ்ந்தது. அடிபட்டவர்கள் பதினோரு பேர், பாதிப் பேர் தெலுங்கர். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, குழுவில் வேறொருவரைச் சேர்த்தார்கள்.

கையெழுத்தான ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வந்திருந்த லீவில் அவர் டீயைக்கூடத் தொடவில்லை.

"பாஸ்போர்ட்ட மொதலாளி வச்சிக்கக் கூடாதுன்னு எழுதிகீறாங்க. வச்சிக்கினா இன்னா தண்டனைன்னு ஒரு வரி இல்ல. நான் இருந்தா உட்டிருப்பனா?"

"ராஜினாமா பண்ணிட்டு வாயேன். கோர்ட்டு எங்கியும் ஓடிப் பூடல," என்றார் பழனியம்மா.

இப்போது அவர் மூன்றாவது வளைகுடா நாட்டில் இருக்கிறார். பதவி உயர்ந்திருக்கிறது, பிரிவு அதே தொழிலாளர் பிரிவு. நான்காவது விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை.