உப்புக் கட்டு

ஜப்பானில் என் காலை பன்றித் தோலோடு விடிகிறது. ஃபிரீசரிலிருந்து எடுத்து, இளகியதும், கண்ணாடிக் குப்பியின் நடுவே திரை போலப் பொருத்துவேன். தோலுக்கு மேலே மருந்து, கீழே நீர். எவ்வளவு மருந்து கடந்து இறங்குகிறது என்று மணிக்கொரு தடவை அளக்க வேண்டும். அசைவமே தொடாத வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்.

தோல் லேசில் எதையும் உள்ளே விடாது. அதனால் மருந்தை அயனித் திரவத்தில் கரைக்கிறோம். பெயர்தான் பெரிது. சாதாரணச் சூட்டிலேயே திரவமாக இருக்கும் ஒருவகை உப்பு, அவ்வளவே. இதை விளக்கப் படித்தவர்களிடமே திணறியிருக்கிறேன். அருள்புரத்தில் சாயப்பட்டறை மாஸ்டராக இருக்கும் அப்பாவுக்கு மட்டும், போன் கார்டில் நிமிடம் கரைவதற்குள் புரிந்துவிட்டது.

"இதென்ன கண்ணு பெரிய வித்தை? உப்புப் போட்டாத்தான சாயமே துணியில ஏறுது. நீ தோல்ல ஏத்தற."

"அதேதானுங்கப்பா!" என்று குதித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுவாரம் தம்பி அழைத்தான். நாளெல்லாம் மெஷின் அருகே நின்று தேய்ந்த இடது முட்டிக்கு அப்பா வைத்தியம் பார்த்திருக்கிறார். வலி மாத்திரையைப் பொடித்து, பட்டறை உப்போடு கரைத்து, சாயத்துக்கு வைக்கும் அதே அறுபது டிகிரிச் சூட்டில் துணியை நனைத்துக் கட்டிக்கொண்டாராம். ஆற ஆற மறுபடி நனைத்து, கணக்காக ஒரு மணி நேரம். கட்டை அவிழ்த்தால் தோலும் கூடவே வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவர், காலில் மரத்த தோலுக்குச் சூடு உறைக்கவில்லை, புண் ஆறாவிட்டால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் பெருமையடிப்பால் அப்பாவின் கால் போய்விடுமோ என்று நடுங்கிப்போனேன். சென்செய், அதாவது எங்கள் பேராசிரியரிடம், விடுப்புக் கேட்கப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார். "எந்த உப்பு?" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மறுநாள் காலை விமான நிலையத்துக்குக் காரோட்டி வந்தவரும் அவரேதான்.

நான் வீடு சேர்ந்து பத்து நாளில் புண் காயத் தொடங்கியது. அதன் பிறகே எனக்குச் சோறு இறங்கியது. ஜப்பானில் வாங்கியிருந்த, தோலில் ஒட்டும் வலிப் பட்டைகளை அப்பாவிடம் நீட்டினேன். வலது முட்டியும் வலிக்கிறதே, அதிலாவது ஒட்டிக்கொள்ளட்டும் என்று.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ பண்ணுனதா கண்ணு?"

"இல்லீங்கப்பா, கடையில வாங்குனதுங்க. என்னுது வர வருசக்கணக்காகுமுங்க. வராமயும் போலாமுங்க."

"அப்ப இது வேண்டாம். உன்னுது வரட்டும். அதுக்குன்னே இந்த முட்டிய வெச்சிருக்கறேன்."

பட்டைகள் என் பெட்டியிலேயே ஜப்பான் திரும்பின. இன்று குப்பிகள் மேல் குனிந்து குனிந்து தோள் வலித்தது. ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டேன். அரை மணியில் வலி போய்விட்டது. அருள்புரத்தில் ஒரு முட்டி இன்னும் எனக்காக வலித்துக்கொண்டிருக்கிறது.