மூச்சு கேட்காத பாட்டு

இதைப் படித்துவிட்டு "நல்லா அளக்குறான்" என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். பேய்க் கதை சொல்பவர்களைக் கிண்டலடித்தே பேர் வாங்கியவன் நான். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

எனக்கு ஒலிப்பதிவுத் தொழில். பெரும்பாலும் பக்திப் பாடல்கள். எந்த மதமானாலும் ஒரே எதிரொலியைத்தான் போடுவேன். இதுவரை எந்தக் கடவுளும் புகார் சொன்னதில்லை.

அன்று காலை ஓர் இரும்புக்கடைக்காரர் வந்தார். அவருடைய ஒன்பது வயது மகள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"டாக்டர் கைய விரிச்சுட்டார் சார். இந்தப் பாட்டை அவ காதுல போடணும். கடவுள் காதுலயும் விழும்ல?"

வரிகள் அவரே எழுதியவை. எதுகை நொண்டியது. கிண்டல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

"சாயங்காலத்துக்குள்ள தந்துடுறேன்" என்றேன்.

பாட வந்தவருக்கு நாங்கள் வைத்த பேர் 'பரவசம்'. கண்ணை மூடி உருகுவார். போட்டோக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மட்டும் மூடிய கண்ணுக்கும் தெரியும். பாடி முடித்துக் கிளம்பும்போது சொன்னார்:

"தம்பி, என் மூச்சு ஒண்ணுகூடக் கேக்கக் கூடாது. தெய்வத்துகிட்ட பேசும்போது மனுஷ மூச்சு எதுக்கு?"

"அப்போ மூச்சு விடாமலே பாடியிருக்கலாமேண்ணே."

முறைத்துவிட்டுப் போனார்.

வரிகளுக்கு நடுவே வரும் மூச்சை வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம்தான். கணினித் திரையில் சின்னப் புடைப்பாகத் தெரியும். அதைப் பிடித்து அழித்தால் முடிந்தது. அரை மணி நேரத்தில் அவருடைய மூச்சையெல்லாம் துடைத்துவிட்டேன். சரிபார்க்க மறுபடி ஓடவிட்டேன்.

மணி 3:10. இரண்டாவது வரியின் முடிவில்... ஒரு மூச்சு.

விட்டுப்போயிருக்கும் என்று வெட்டினேன். ஓட்டினேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

பரவசத்தின் மூச்சு துருத்தி மாதிரி இருக்கும். இது சின்னது. முடியும்போது மெல்லிய விசில். ஹ்ஹ்... ஈஈ...

வெட்டினேன். தள்ளிப் போய் வந்தது. வெட்டினேன். வந்தது.

கண்ணாடி வழியே பாடும் அறையைப் பார்த்தேன். காலி. உள்ளே போய் மைக்கின் ஒயரையே பிடுங்கிவிட்டு வந்தேன்.

3:31. பாட்டு முடிந்து, எதுவுமே பதிவாகாத இடம். அங்கேயும்... ஹ்ஹ்... ஈஈ...

வெட்டினேன்.

மறுபடி. இன்னும் வேகமாக. பயந்துபோய் இரைப்பதுபோல.

வெட்டினேன்.

3:42. பதினோராவது.

வெட்டினேன்.

பிறகு வரவில்லை.

நாலு மணிக்குப் பாட்டை அனுப்பினேன். நாலு நாள் கழித்து இரும்புக்கடைக்காரர் நன்றி சொல்ல வந்தார்.

"பாட்டு வந்தப்போ அவ இல்ல சார்."

நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மத்தியானம் வரைக்கும் சீராத்தான் மூச்சு விட்டா. மூணு பத்துக்கு டக்குனு நின்னுச்சு. திரும்ப வந்துச்சு. மறுபடி நின்னுச்சு. நர்ஸம்மா எழுதி வெச்சிருக்காங்க... பதினோரு தடவை. கடைசியா மூணு நாப்பத்திரண்டு."

நான் கணினித் திரையை அணைத்தேன்.

"ஆனா நல்லா பண்ணியிருக்கீங்க சார். தினம் அதைத்தான் கேக்குறேன். அவ்வளவு சுத்தம். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்ல."