தையல்காரம்மா திட்டிய காக்கை

எங்கள் தெருத் தையல்காரம்மாவின் மகன், மாடியில் ஆன்டெனா மாட்டும்போது ஒரு காக்கைக் கூட்டைத் தட்டிவிட்டான். அன்றிலிருந்து, இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகுள்ள அந்தக் காக்கைக்கு அவன் ஜென்மப் பகை. தெருமுனையில் அவனுடைய சிவப்பு ஹெல்மெட் தெரிந்தாலே கத்திக்கொண்டு கொத்த வரும். வேறு யாரையும் சீண்டாது.

அவன் வேலைக்கு வெளிநாடு போனான். காக்கை அடங்கிவிட்டது.

“கத்தித் தொலையேன், சனியனே!” மிஷினில் உட்கார்ந்தபடியே தையல்காரம்மா அதைத் திட்டுவார்.

நேற்று மத்தியானம் அது காது கிழியக் கத்தியது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். மகனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவருடைய கணவர் நின்றிருந்தார். காக்கை அதன்மேல் கொத்திக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?”

“அது கத்திக் கேட்டு ரொம்ப நாளாச்சுல்ல” என்றார் அவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.