வலப்பக்கம் திரும்பாத கற்பூரம்

என் மேசையில் பேனாக்களோடு ஒரு கண்ணாடிக் குழாய் கிடக்கிறது. ஒரு சாண் நீளம், இரு முனையிலும் நடுவில் கண்ணாடி பதித்த பித்தளை மூடி. மாத்தளையில் ஏலக்காய் எண்ணெய் வாங்கி ஏற்றுமதி செய்த கம்பெனியில் கெமிஸ்ட் ஐயா பயன்படுத்தியது. நான் அவருக்கு உதவியாளன். எண்ணெயை அதில் ஊற்றி, ஒளியின் திருப்பத்தை அளக்கும் கருவியில் வைத்து, மஞ்சள் விளக்கின் ஒளியை உள்ளே விட்டுப் பார்ப்பார். நல்ல ஏலக்காய் எண்ணெய் ஒளியை வலப்பக்கம் திருப்பும். மண்ணெண்ணெய் கலந்தால் அந்தத் திருப்பம் குறைந்துவிடும். எங்கள் மூக்கை ஏமாற்றிய இரத்தோட்டை வியாபாரிகள் பலர் அந்தக் குழாயிடம் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு தேர்த் திருவிழாவுக்கு முன் என் வாப்பாவே மாட்டினார். கோயிலுக்கு வருசந்தோறும் கற்பூரம் கொடுத்தது அவருடைய கடைதான். மரத்திலிருந்து எடுத்தது என்று கொழும்பில் நம்பி வாங்கி, அப்படியே சொல்லி விற்றிருந்தார். அது போலி என்று யாரோ கிளப்பிவிட, தர்மகர்த்தா ஒரு டின்னை எடுத்துக்கொண்டு, வாப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் லேபுக்கு வந்துவிட்டார். கெமிஸ்ட் ஐயா ஒரு கட்டியை ஸ்பிரிட்டில் கரைத்துக் குழாயில் ஊற்றினார். ஒளி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மறுபடியும் பார்த்தார். இன்னொரு கட்டியை உருக்கி, அது உருகும் சூட்டையும் அளந்தார்.

“சுத்தமான கற்பூரந்தானுங்களா?” என்றார் தர்மகர்த்தா.

“சுத்தமான கற்பூரந்தாங்க,” என்றார் கெமிஸ்ட் ஐயா.

தர்மகர்த்தா எழுந்துவிட்டார். வாப்பாவுக்கு மூச்சு வந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம் கெமிஸ்ட் ஐயா.

“ஆனா மரத்துல எடுத்தது இல்லிங்க,” என்றார். “கற்பூரத்துல வலது கை, இடது கை மாதிரி ரெண்டு வகை இருக்கு. மரம் வலது கையத்தான் செய்யும். ஃபேக்டரியில ரெண்டும் சரிபாதி வந்துடும். ஒண்ணு திருப்புறத மத்தது அழிச்சிடுது. எரியிறதுல வித்தியாசம் இல்லிங்க.”

கடைசியில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கோயில் வியாபாரம் அன்றோடு கைவிட்டுப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடுமா என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, ஈயாடிக்கொண்டிருந்த எங்கள் கடைக்குக் கெமிஸ்ட் ஐயா வந்தார். வீட்டுச் சாமி படத்துக்குக் கற்பூரம் கேட்டார். கோயிலிலிருந்து திரும்பி வந்த டின்னை வாப்பா திறந்தார்.

“ஃபேக்டரிக் கற்பூரந்தான் ஐயா.”

“தெரியுங்க நானா,” என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்தே சொன்னார்.

வாப்பா பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லோரிடமும் அப்படிச் சொல்லித்தான் விற்றார்.

இன்று அதே கோயிலில் எரிவது ஃபேக்டரிக் கற்பூரம்தான், யாரும் கேட்பதில்லை. கம்பெனியை மூடியபோது இந்தக் குழாயை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கெமிஸ்ட் ஐயாமேல் ஆத்திரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனாலும் குழாயில் தூசு படிய விடுவதில்லை.